சர்வீஸ் கோட்டாவும் ஒரு மாற்றுப்பணி ஆணையும்

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர் எம்.டி., எம்.எஸ். பட்டமேற்படிப்பு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, நீட் மதிப்பெண்ணோடு இன்னொன்றும் சோதிக்கப்படுகிறது: அவர் எந்த ஊரில், எந்த ஆணையின் பேரில், எவ்வளவு காலம் பணிபுரிந்தார் என்பது. என் தரவரிசை சிக்கிக்கொண்டது அந்த இரண்டாவது சோதனையில்தான்.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, எஞ்சியதில் பாதி சர்வீஸ் கோட்டா என்ற பெயரில் அரசு மருத்துவர்களுக்கு என்பது இங்கே நெடுங்கால நடைமுறை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகளில் உள்ள 9ஆம் விதியைத் தாண்டி மாநிலங்கள் எதுவும் செய்ய இயலாது என்று உத்தரப் பிரதேச வழக்கொன்றில் 2016இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட, பட்டமேற்படிப்புக்கான அந்த ஒதுக்கீடு நின்றது. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும், பெற்ற மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதத்துக்கு மிகாமல் வழங்கப்படும் ஊக்க மதிப்பெண் மட்டுமே மிஞ்சியது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கத்தின் வழக்கில், இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்த பிறகே கோட்டா மீண்டது. கோட்டா வந்துவிட்டதால் ஊக்க மதிப்பெண்ணின் கனம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். போட்டி சர்வீஸ் மருத்துவர்களுக்குள்ளேயே நடப்பதால், நீட்டில் 300 வாங்கியவருக்குக் கிடைக்கும் முப்பது மதிப்பெண் அவர் எந்தத் துறையைப் படிக்கிறார் என்பதையே மாற்றிவிடக்கூடியது.

எனக்குப் பணியிடம் சமவெளியில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலைமேல் இருந்த நிலையத்தில் மருத்துவர் பணியிடம் காலியானதால் என்னை அங்கே மாற்றுப்பணியில், அதாவது என் பணியிடத்தை மாற்றாமலே அங்கே வேலை பார்க்க, அனுப்பினார்கள். முதலில் தொலைபேசியில் சொன்னார்கள், எழுத்துப்பூர்வமான ஆணை பிற்பாடு வந்தது. ஊதியம் மட்டும் தொடர்ந்து பழைய நிலையத்தின் பட்டியலிலேயே போடப்பட்டது. விண்ணப்பத்துடன் இணைத்த பணிச்சான்றைத் தயாரித்த அலுவலகம் பணிப்பதிவேட்டை மட்டும் பார்த்து எழுதியதால், மலையில் நான் பிரசவம் பார்த்த காலம் முழுவதும் சமவெளிக் கணக்கில் சேர்ந்தது. தற்காலிகத் தரவரிசைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஊக்க மதிப்பெண் இல்லை.

ஆட்சேபத்துக்குத் தரப்படும் அவகாசம் மிகக் குறுகியது. அதற்குள் சான்றைத் திருத்தி வாங்க வேண்டும். திருத்த வேண்டியவரோ, பதிவேட்டில் இல்லாததைத் தாம் எப்படி எழுத முடியும் என்று கேட்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன், ஏனெனில் மலை நிலையத்தில் பெயரளவில் பணியிடம் வைத்துக்கொண்டு மாவட்டத் தலைமையிடத்தில் மாற்றுப்பணி பார்த்தவர்களும் இதே கோட்டாவில் போட்டியிடுகிறார்கள். அவர்களைப் பிரித்தறியவே சரிபார்ப்பு கடுமையாக்கப்படுகிறது. ஆனால் பதிவேட்டை மட்டும் நம்பும் சரிபார்ப்பில் அவர்கள் தப்பிவிடுகிறார்கள், என்னைப் போன்றவர்கள்தான் சிக்குகிறோம்.

எனக்குக் கைகொடுத்தவை நிலையத்திலேயே கிடந்த பழைய ஏடுகள். மருத்துவர் கையொப்பமிட்ட புறநோயாளிப் பதிவேடு, பிரசவப் பதிவேடு, வருகைப் பதிவேடு ஆகியவற்றின் பக்கங்களை நகலெடுத்து, இப்போதைய மருத்துவ அலுவலரிடம் சான்றொப்பம் பெற்று, மாற்றுப்பணி ஆணையையும் அங்கிருந்து விடுவித்த ஆணையையும் தேதி வரிசையில் அடுக்கி, எந்தத் தேதிக்கு எந்தப் பக்கம் ஆதாரம் என்று ஓர் அட்டவணையும் வைத்து மனுவாகக் கொடுத்தேன். அந்த நிலையம் கடினப் பகுதிப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது என்பதைக் காட்டும் அரசாணைப் பக்கத்தையும் சேர்த்தேன். அனுதாபம் கோரும் ஒரு வரியும் மனுவில் இல்லை. கோப்பைப் பார்க்கும் எழுத்தர் குறிப்பு எழுத வசதியாக இருக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

எழுத்துப்பூர்வ ஆணை வந்த நாளிலிருந்து செய்த பணியை ஏற்றுச் சான்றைத் திருத்தினார்கள். தொலைபேசி உத்தரவின் பேரில் செய்த முந்தைய காலத்தை, கையொப்பங்கள் இருந்தும், ஆணை இல்லை என்று நிராகரித்தார்கள். அந்தப் பகுதிக்காக நீதிமன்றம் செல்லலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். கலந்தாய்வு தொடங்கிய பின் இடைக்காலத் தடை கிடைப்பதும், கிடைத்தாலும் அதற்குள் நிரம்பிவிடும் இடங்கள் திரும்பி வருவதும் அரிது என்று கருதி நான் போகவில்லை. விட்டுக்கொடுத்ததாகவே சிலர் நினைக்கிறார்கள். அது அவரவர் கணக்கு.

இறுதிப் பட்டியலில் முன்னேறி, விரும்பிய பொது மருத்துவத்தில் இடம் பெற்றேன். வேறு சிலர் தங்கள் ஒப்பந்தக் காலப் பணியையும் தகுதிக் காலத்தில் சேர்க்கக் கோரித் தொடுத்த வழக்கு அப்போது நிலுவையில் இருந்ததால், ஒதுக்கீட்டு ஆணையின் அடியில் இச்சேர்க்கை நீதிமன்ற இறுதித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்ற வரி அச்சிடப்பட்டிருந்தது. அதில் கையொப்பமிட்டுத்தான் கல்லூரியில் சேர்ந்தேன்.