காவடிப் படங்களும் தரவுத்தளமும்

மொரீஷியசில் பொது விடுமுறையான தைப்பூசக் காவடியின் படங்களை, எங்கள் சங்கத்து வலைச்செயலியின் மைசீக்வல் தரவுத்தளத்திலேயே சேமிக்கலாம் என்று முடிவெடுத்தவன் நான்தான். காப்புப்பிரதி ஒன்றே போதும் என்பது என் கணக்கு. முதலில் ஏற்றிய படத்தில் மயிற்பீலி மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். படத்துக்கு நான் தேர்ந்திருந்த பிளாப் என்னும் புலவகை (தரவுத்தளப் பத்தியின் தரவு வகை) 65,535 பைட்டுகளுக்கு மேல் கொள்ளாது என்பதையும், அளவு மீறிய தரவை ஏற்க மறுக்கும் கண்டிப்பான பயன்முறை அணைக்கப்பட்டிருந்தால் மிச்சத்தை வெறும் எச்சரிக்கையோடு வெட்டிவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

4 ஜிபி வரை கொள்ளும் லாங்பிளாபுக்கு மாற்றியதும் படங்கள் சரியாயின. காணொளிகள் வந்தபோது, ஒரே கட்டளையில் அனுப்பும் தரவுக்கு மைசீக்வல் 8.0 இயல்பாக விதிக்கும் 64 எம்பி வரம்பு குறுக்கே நின்றது. அதை உயர்த்தலாம்தான், ஆனால் ஒவ்வொரு காணொளியும் முழுதாக நினைவகத்தில் ஏறி இறங்கும், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திய நாளிலும் இரவுக் காப்புப்பிரதி அத்தனை காணொளிகளையும் மறுபடி சுமக்கும்.

இப்போது கோப்புகள் வட்டில் இருக்கின்றன. தரவுத்தளத்தில் கோப்பு இருக்கும் பாதை, அளவு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஹாஷ் மட்டும். கோப்பை முழுதாக எழுதிய பிறகே தரவுத்தள அட்டவணையில் அதற்கான வரிசையைப் பதிவுசெய்கிறேன். இடையில் மின்சாரம் போனால் எந்த வரிசையும் சுட்டாத அநாதைக் கோப்பு ஒன்று மிஞ்சுமே தவிர, இல்லாத படத்தைச் சுட்டும் வரிசை மிஞ்சாது. அந்த அநாதைகளை ஞாயிறுதோறும் ஒரு ஸ்கிரிப்ட் கூட்டித் தள்ளுகிறது.