சிலைகளை முதலில் பார்த்தவள்

சிலைகளை நான் முதலில் பார்த்துவிட்டேன். அவை இருந்த கிரேக்கக் கோயிலைப் பார்க்க ஆறு வருடம் ஆனது.

மியூனிக்கில் என் வீட்டிலிருந்து கிளிப்டோதெக் அருங்காட்சியகத்துக்கு டிராமில் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் டிக்கெட் ஒரு யூரோதான். குளிர்காலத்தில் வேறு போக்கிடம் இல்லாத ஞாயிறுகளில் அங்கே போய் ஒரு பளிங்கு மனிதனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். அவன் செத்துக்கொண்டிருக்கிறான். மார்பில் தைத்த அம்பைப் பிடுங்குகிறது கை. உலோகத்தில் செய்த அம்பு எப்போதோ தொலைந்துவிட்டதால், கை வெறுமனே மார்பருகே நிற்கிறது. முகத்திலோ புன்னகை! அந்தக் காலத்துக் கிரேக்கச் சிற்பிக்கு முகம் என்றாலே புன்னகைதான். அதே கோயிலின் கிழக்கு முகப்பில், கூரைக்குக் கீழான முக்கோணத்திலிருந்து வந்த இன்னொரு வீரன், சில வருடங்கள் பிந்தியவன். அவன் சிரிக்கவில்லை, கேடயத்தைப் பிடித்தபடி தரையை நோக்கிச் சரிகிறான். அந்தச் சில வருடங்களில் சிற்பிகளுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தே பல ஞாயிறுகளைக் கழித்திருக்கிறேன்.

போன செப்டம்பரில் கல்லூரி நண்பர்கள் இருவர் ஏதென்ஸுக்கு வந்தார்கள். ஒருவன் காரைக்குடிக்காரன், எங்கே தூணைப் பார்த்தாலும் கட்டிப்பிடித்து அளப்பவன். இன்னொருத்தி எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள், இன்றுவரை அதை மறக்கவிடாதவள். அக்ரோபோலிஸ் குன்றின் கோயில் கூட்டத்தில் ஒரு நாள் நசுங்கிய பிறகு, "நாளைக்கு என் ஆள் பிறந்த ஊருக்குப் போகலாம்" என்றேன். கல்லாலான ஆள் என்பதை இருவரும் கப்பலில்தான் தெரிந்துகொண்டார்கள்.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏகினா தீவுக்குப் பெரிய கப்பலில் ஒன்றேகால் மணி நேரம். இறங்கியதும் கரையெல்லாம் பிஸ்தாக் கடைகள். அறுவடைக் காலம், மேல்தோல் உரிக்காத இளஞ்சிவப்புப் பிஸ்தாவை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். ஊருக்குப் பக்கத்திலேயே கொலோனா மேடு. அப்போலோ கோயிலில் மிஞ்சியது ஒரே ஒரு தூண். அதற்கு ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு, என் சிலைகள் இருந்த அஃபாயா கோயிலுக்கு பஸ் ஏறினோம்.

பைன் மரங்களுக்கு நடுவே, குன்றின் உச்சியில் நிற்கிறது அது. கி.மு. 500 வாக்கில் கட்டியது. முகப்பில் ஆறு, பக்கவாட்டில் பன்னிரண்டு என்று வெளிச்சுற்றில் 32 தூண்கள் இருந்தன. பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. பளிங்கு அல்ல, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். அதன்மேல் மெழுகிய சாந்தின் மிச்சம் அங்கங்கே தெரிகிறது. கயிறு கட்டியிருந்ததால் காரைக்குடிக்காரனால் எதையும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. ஆனால் அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்: "வடக்குப் பக்கத்தில் மூன்று தூண்கள் மட்டும் துண்டு துண்டாக அடுக்கியவை. மற்றதெல்லாம் ஒற்றைக்கல்."

உண்மைதான். கட்டுமானப் பொறியாளர்களான எங்களுக்கு இதைவிட இனிப்பான விஷயம் வேண்டுமா? உள்ளே கல் கொண்டுபோக வழி விட்டு வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்த இடைவெளியில் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான ஒற்றைக்கல்லை நிமிர்த்த முடியாது. அதனால் துண்டுகளாக அடுக்கி மூடிவிட்டார்கள் என்பதுதான் அறிஞர்கள் சொல்லும் காரணம். 2,500 வருடத்துக்கு முந்தைய மேஸ்திரி ஒருவர் தளத்தில் கத்திக்கொண்டிருப்பது எனக்குக் காதில் கேட்டது.

பக்கத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டத்துக்கு வழிகாட்டி, இந்தக் கோயிலும் அக்ரோபோலிஸின் பார்த்தெனான் கோயிலும் சூனியன் முனைக் கோயிலும் சேர்ந்து சமபக்க முக்கோணம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். முதல் மதிப்பெண்காரி உடனே கைபேசியில் அளந்தாள். ஏறத்தாழ 30, 44, 45 கிலோமீட்டர். "சமபக்கமாவது! இழுத்துப் பிடித்தால் இருசமபக்கம்" என்றாள். நல்லவேளை, தமிழில் சொன்னாள்.

சிலைகள் நின்ற முகப்பு முக்கோணங்கள் இருந்த இடத்தில் வானம்தான். 1811 ஏப்ரலில் காக்கரல் என்ற ஆங்கிலேயரும் ஹாலர் என்ற ஜெர்மானியரும் நண்பர்களோடு வந்து தோண்டி, சிலைகளை எடுத்துப்போனார்கள். அடுத்த வருடம் சாகிந்தோஸ் தீவில் ஏலம். பத்திரமாக இருக்கட்டும் என்று சிலைகளை மால்டாவில் வைத்திருந்ததால், பிரிட்டிஷ் தரப்பு ஆள் ஏலமும் அங்கேதான் என்று நினைத்து மால்டாவுக்குப் போய்விட்டார். மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவின் இளவரசர் லுட்விக்கின் கைக்கு வந்தது அதிர்ஷ்டம். என் ஒரு யூரோ ஞாயிறுகள் அந்தக் குளறுபடியின் தயவு. இதைச் சொன்னதும் காரைக்குடிக்காரன் என்னைப் பார்த்த பார்வையில், சிலைகளை நானே தோளில் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த வீரனை அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தை இங்கே வந்த பிறகுதான் உணர்ந்தேன். மியூனிக்கில் அவன் என் கண்ணுக்கு நேராக இருக்கிறான்.

அஃபாயா என்றால் கண்ணுக்கு மறைந்தவள் என்று பொருள் சொல்கிறார்கள். கிரீட் அரசன் மினோஸ் துரத்த, கடலில் குதித்து, மீனவர் வலையில் சிக்கி, இந்தத் தீவின் சோலைக்குள் வந்து மறைந்த பெண். அவள் பெயர்கூட நெடுநாள் மறைந்துதான் இருந்தது. ஜீயஸ் கோயில், அதீனா கோயில் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1901இல் ஜெர்மன் தொல்லியலாளர் ஃபுர்ட்வெங்லர் நடத்திய அகழாய்வில் கிடைத்த கல்வெட்டுதான் அவளை மீட்டது.

பஸ்ஸைத் தவறவிட்டோம். கால அட்டவணையைப் படித்தது நான். மேலே பேச விரும்பவில்லை. டாக்சி பிடித்துத் தென்மேற்கே பெர்டிகா என்ற மீனவக் கிராமத்துக்குப் போய், அங்கிருந்து சிறு படகில் பத்து நிமிடத்தில் மோனி தீவு. வீடு கிடையாது, பைன் காடு, பச்சைத் தண்ணீர், ஒரு சிறு கடற்கரை. மனிதனைக் கண்டு பயப்படாத மான்கள், காட்டாடுகள். அப்புறம் மயில்கள்! மரத்தடியில் துண்டு விரித்து உட்கார்ந்தால் நான்கு மயில்கள் சுற்றி நின்றன.

எனக்குத் தமிழ்ப்பற்று பொங்கிவிட்டது. "ஹீப்ரு பைபிளில் மயிலைக் குறிக்கும் துகி என்ற சொல்லே நம் தோகைதான் என்று கால்டுவெல் எழுதியிருக்கிறார், தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். மயிலுக்குப் படகுக்காரர் சொன்ன கிரேக்கச் சொல் 'பகோனி' அதோடு ஒட்டவில்லை, அதை விட்டுவிட்டேன்.

"எங்கே தோகை?" என்றாள் முதல் மதிப்பெண்காரி.

திரும்பிப் பார்த்தேன். செப்டம்பர், கோடையில் இறகு உதிர்த்துவிட்டு நான்கும் மொட்டையாக நின்றன. அதில் ஒன்று, காரைக்குடிக்காரன் மடியில் வைத்திருந்த கீரைப் பணியாரத்தை அப்படியே கவ்விக்கொண்டு ஓடியது. அவன் வெறுங்காலோடு துரத்த, சருகு குத்தி அலற, மான் ஒன்று வந்து காகிதத்தைத் தின்ன ஆரம்பித்தது.

"முருகா!" என்று கத்தினான். மயில் நிற்கவில்லை.