கறிவேப்பிலைக் குடிலுக்கு ஹீட்டர்: டைம் டிலே ரிலே கட்டிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கறிவேப்பிலை முற்றத்து மண்ணிலேயே மரமாகி நிற்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அது நடக்காது. ஜூன், ஜூலையில் உறைபனி விழுந்தால் இளங்கன்று கருகிவிடும். அதற்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் பாலிகார்பனேட் தகடு போட்ட சிறு குடில், உள்ளே 2 கிலோவாட் டக்ட் (காற்றுக் குழாய்) ஹீட்டர், அதற்கு ஒரு ஃபேன்.

ஹீட்டரையும் ஃபேனையும் ஒரே தெர்மோஸ்டாட்டில் சேர்த்துக் கட்டினால் இரண்டும் ஒன்றாக நின்றுவிடும். எலிமென்டில் மிச்சமிருக்கும் சூடு டக்டுக்குள் தேங்கி, அளவு மீறிச் சூடானால் ஹீட்டரை நிறுத்தும் ஓவர்ஹீட் கட்-அவுட்டைத் தட்டிவிடும். என்னுடையது கையால் ரீசெட் செய்யும் வகை. விடியற்காலை மூன்று மணிக்குத் தட்டினால் அன்றைய பனி முழுவதும் கன்றுகள் மேல்தான். ஆகவே ஹீட்டர் நின்ற பிறகும் ஃபேன் ஓட வேண்டும். ஆஃப்-டிலே டைமர் அதற்குத்தான்.

டின் ரெயிலில் (பேனலுக்குள் இருக்கும் உலோகப் பட்டை) மாட்டும் மல்டிஃபங்ஷன் டைமர் வாங்கினேன். டைமருக்கே கரண்ட் கொடுக்கும் ஏ1, ஏ2 முனைகளில் 230 வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும். தூண்டும் முனையான எஸ்-க்குத் தெர்மோஸ்டாட்டிலிருந்து லைவ் வந்ததும் டைமரின் 15-18 கான்டாக்ட் மூடி, ஃபேன் கான்டாக்டர் (பெரிய லோடை இயக்கும் காந்த ஸ்விட்ச்) இழுக்கும். எஸ் விட்ட பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும். வெளிவரும் காற்றில் தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் சூடு தணிந்தது. மூன்றில் வைத்துவிட்டேன்.

ஹீட்டரை டைமர் கான்டாக்ட் வழியாக ஓட்டக் கூடாது. 2,000 வாட்டை 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர், இந்த டைமரின் கான்டாக்ட் 8 ஆம்பியர்தான். அதனால் ஹீட்டருக்குத் தனி கான்டாக்டர். அதன் காயிலுக்குப் போகும் வயர் ஓவர்ஹீட் கட்-அவுட், ஃபேன் கான்டாக்டரின் 13-14 (அது இழுத்தால் மூடும் துணைக் கான்டாக்ட்) இரண்டையும் தாண்டித்தான் போகிறது. ஃபேன் கான்டாக்டர் இழுக்காவிட்டால் ஹீட்டர் எரியாது.

அலைக்கழித்தது எஸ் முனை. தெர்மோஸ்டாட் ஆஃப், ஹீட்டரும் ஆஃப், ஆனால் ஃபேன் மட்டும் நிற்கவே இல்லை. மல்டிமீட்டர் வைத்தால் எஸ்-இல் 70 வோல்ட்டுக்குக் கிட்டே காட்டியது. தெர்மோஸ்டாட் வயர் நெடுந்தூரம் ஹீட்டர் லைவோடு ஒட்டியே வருவதால் தொற்றிக்கொண்ட மின்னழுத்தம் அது. எஸ் மிகச் சிறிய கரண்டிலேயே விழித்துக்கொள்ளும் முனை. அதற்கு இதுவே போதும். பேனலுக்குள் ஒரு சின்ன ரிலே வைத்து, தெர்மோஸ்டாட் அதன் காயிலை இழுக்க, அதன் கான்டாக்ட் எஸ்-க்கும் ஹீட்டர் வரிசைக்கும் லைவ் கொடுக்கும்படி மாற்றியதும் ஃபேன் ஒழுங்காக நின்றது. நீள வயர் இழுப்பவர்கள் முதலிலேயே இந்த ரிலேயைப் போட்டுவிடுங்கள்.

அடுத்து லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. 2023இல் அது உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் திரும்பும் நொடியில் தெருவே ஒன்றாக இழுக்கும். அந்த நேரத்தில் ஹீட்டரும் சேர வேண்டாமென்று அதன் காயில் வரிசையில் ஆன்-டிலேயில் (கரண்ட் வந்து நேரம் கழித்தே மூடும்) இன்னொரு டைமர், ஐந்து நிமிஷத்துக்கு. ஹீட்டர் எரியும்போதே கரண்ட் போனால் எந்த டைமரும் ஃபேனை ஓட்டாது. அங்கே காப்பது கட்-அவுட் மட்டுமே. அதை ஷார்ட் செய்து ஓட்டும் யோசனையே கூடாது.

பேனல் என் கைவேலை. டிபி போர்டிலிருந்து (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) தனி சர்க்யூட் இழுத்தவர் பதிவு பெற்ற எலெக்ட்ரிசியன் அண்ணன். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் எர்த் லீக்கேஜையும் சோதித்து, வயரிங் விதிப்படி இருக்கிறது என்னும் சிஓசி சான்றிதழும் கொடுத்தார். அந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.

காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஃபேன் டைமரின் 15-16 (15-18 மூடினால் திறக்கும் கான்டாக்ட்) வழியாகக் கட்டியிருக்கிறேன். ஹீட்டர் ஃபேன் ஓடும்வரை அது ஓட வழியில்லை. பகலில் 28 டிகிரி தாண்டினால் அதற்கென்று உள்ள தெர்மோஸ்டாட் ஓட்டுகிறது.

ஒரு குறை பாக்கி. 13-14 மூடினால் கான்டாக்டர் இழுத்தது என்றுதான் தெரியும். காற்று ஓடுகிறதா என்று தெரியாது. பேரிங் இறுகி ஃபேன் நின்றாலும் ஹீட்டர் எரியும். டக்டில் ஏர்ஃப்ளோ ஸ்விட்ச் ஒன்றை அந்த வரிசையிலேயே சேர்ப்பதுதான் அடுத்த வேலை.