'நோட்டு அச்சடித்தார்கள்' என்பதோடு விடையை நிறுத்தாதீர்கள்

டெல்லி ராஜேந்திர நகரில் அறை எடுத்து யுபிஎஸ்சி மெயின்ஸுக்குப் படித்த காலம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வந்த மிகைப் பணவீக்கம் பற்றி மாதிரித் தேர்வில் 15 மதிப்பெண் கேள்வி. அரசு கணக்கில்லாமல் நோட்டு அச்சடித்தது, விலை ஏறியது என்று மூன்று பக்கம் எழுதினேன். கிடைத்தது 4. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஏன் அச்சடித்தது?' என்று மட்டும் இருந்தது.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். போர்ச் செலவுக்கு ஜெர்மனி பெரும்பாலும் வரி போடவில்லை, கடன் வாங்கியது. ஜெயித்தால் தோற்றவர்களிடம் வசூலிக்கலாம் என்ற கணக்கு. தோற்றது ஜெர்மனி. 1921-ல் அதன் தலையில் விழுந்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க், அதாவது தங்க மதிப்பில் கணக்கிட்ட ஜெர்மன் நாணயம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அதைக் காகித மார்க்கில் கட்ட முடியாது. மார்க்கை விற்று அந்நியச் செலாவணி வாங்க வாங்க, மார்க் சரிந்தது. இழப்பீடு சரியாக வரவில்லை என்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழில் பகுதிக்குள் படையோடு நுழைந்தன. அவர்களுக்காக வேலை செய்ய மறுத்த தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசே சம்பளம் கொடுத்தது. ரூரின் நிலக்கரி கைவிட்டுப் போனது, வரி வருமானம் குறைந்தது, செலவு மட்டும் ஏறியது. அப்புறம்தான் அச்சு இயந்திரம் நிற்காமல் ஓடியது.

1914-ல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி. நம் லட்சம் கோடியிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர் பில்லியன் என்பதை அமெரிக்கர் ட்ரில்லியன் என்பார்கள், குழம்பிவிடும்.

விளைவில் 'மக்கள் துன்பப்பட்டனர்' என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று பிரியுங்கள். எனக்கு இது உறைத்தது அப்பாவை நினைத்தபோதுதான். என் அறை வாடகை அவருடைய பென்ஷனிலிருந்து வந்தது. அந்த முழுத் தொகையும் ஒரு ரொட்டிக்குக்கூடப் போதாது என்றால்? சேமிப்பையும் போர்க் கடன் பத்திரத்தையும் நம்பிய ஜெர்மன் நடுத்தர வர்க்கத்துக்கு அதுதான் நடந்தது. அடமானக் கடன் வைத்திருந்தவர்கள் செல்லாக் காசில் அதை அடைத்தார்கள். அரசின் உள்நாட்டுப் போர்க் கடனும் அப்படியே கரைந்தது.

இன்னொன்று. பணவீக்கம் நேரே ஹிட்லரைப் பதவியில் ஏற்றியதாக எழுதினால் மதிப்பெண் போகும். 1923 நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒன்று. விலை அடங்கிவிட்டது. நாஜிக்களுக்கு வாக்குகள் குவிந்தது 1929-க்குப் பின் வந்த வேலையின்மையில். அப்போது விலை இறங்கிக்கொண்டிருந்தது. சரி, இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.