முதல் பட்டதாரி சலுகை: அரசு எதற்குக் கட்டுகிறது, எதற்குக் கட்டுவதில்லை

கல்லூரிப் படிப்புக்கு அரசு பணம் கட்ட வேண்டுமா என்ற வாதம் ஓய்வதில்லை. தமிழ்நாட்டில் அரசு ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் யாருக்குக் கட்டுகிறது என்பதில்தான் கோளாறு.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான முதல் பட்டதாரி சலுகை 2010-11இல் வந்தது. தனியார் பொறியியல் கல்லூரியில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழியும். 2017-18இல் வந்த கட்டணப்படி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. ஆக, பாதிச் சுமை குறைகிறது. விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் வீட்டுக் கணக்கு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகையே இல்லை.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ஆர்இவி-104 என்ற எண்ணில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண்) வாங்குங்கள். ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் படிப்பைக் காட்டும் மாற்றுச் சான்றிதழ்கள், பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவை கையில் இருக்கட்டும். அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அப்பா டிப்ளமோ படித்திருந்தால் பாதகமில்லை. அக்கா இதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான். ரேஷன் கார்டிலும் டிசியிலும் பெயரோ இனிஷியலோ ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரலாம். ஆகவே பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் முன்பே போடுவது நல்லது.

இதற்கு வருமான வரம்பு கிடையாது. நாலு கடை வைத்திருக்கும் வியாபாரியின் மகனுக்கு, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதால் 25,000 கிடைக்கும். கூலி வேலை செய்பவரின் மூத்த மகள் எப்படியோ பி.ஏ. முடித்துவிட்டால், இளையவனுக்கு ஒன்றுமில்லை. மூத்தவள் படித்ததற்குத் தண்டனை மாதிரி! பட்டத்தோடு வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இதைவிட ஒழுங்காக யோசிக்கப்பட்டது. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கிராமத்துப் பிள்ளை படிப்பைப் பாதியில் விடுவது பல நேரம் விடுதிப் பணத்தால்தான் என்பதை அறிந்தவர் யாரோ இந்தத் திட்டத்தை எழுதியிருக்கிறார். ஆனால் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. பெற்றோர் பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்து, கவுன்சலிங் நேரத்தில் ஏமாறுகிறார்கள்.

கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் ஆகிய உதவித்தொகைத் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். பணம் வரவில்லை என்றால் முதலில் வங்கியில் கேட்க வேண்டியது: ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது? இரண்டு கணக்கு இருந்தால், நீங்கள் மறந்துபோன பழைய கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருக்கலாம்.