வெள்ளை அடுக்கு

கோவையில் பம்பு, ஜவுளி இயந்திரப் பாகங்களை ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் ஒரு பட்டறையில், உருக்கின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்கும் நைட்ரைடிங் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. வருகிற சலான்களில் பெரும்பாலும் ‘கடினம் வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். உருக்கின் மேற்பரப்பிலோ இவ்விரண்டையும் தருபவை இரு வேறு அடுக்குகள்.

ஏறத்தாழ 520 டிகிரி செல்சியஸில் அம்மோனியா உருக்கின் மேல் பட்டுச் சிதையும்போது விடுபடும் நைட்ரஜன் உள்ளே ஊடுருவுகிறது. மேலே சில மைக்ரான் தடிமனில் உருவாகும் இரும்பு நைட்ரைடே வெள்ளை அடுக்கு. துருவைத் தடுப்பது அதுதான், ஆனால் அடி விழுந்தால் நொறுங்கும். அதன் கீழே நைட்ரஜன் மெல்ல மெல்ல ஊறியிருக்கும் பகுதிதான் பாரத்தையும் தேய்மானத்தையும் தாங்குகிறது, இ.என். 19 என்னும் கலப்பு உருக்கில் அது 0.3 மி.மீ. ஆழம் இறங்கவே ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும்.

உலைக்குள் நடப்பதை எங்களுக்குச் சொல்வது அளவுக்கோடுகள் இட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. வெளியேறும் வாயுவை அதில் நிரப்பி, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால், சிதையாத அம்மோனியா நொடியில் கரைந்துபோக, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். எஞ்சி நிற்கும் வாயுவின் அளவே சிதைவு விழுக்காடு. முதற்கட்டத்தில் அது 15 முதல் 30 வரை இருக்கும். அடுத்த கட்டத்தில் வெப்பத்தைச் சற்றுக் கூட்டி 75 முதல் 85 வரை கொண்டுபோனால் வெள்ளை அடுக்கு மெலிந்துவிடும். பல்சக்கரத்துக்கு அது நல்லது. தண்ணீரில் ஓடும் தண்டுக்கு அந்த அடுக்கை விட்டுவைப்பதே நல்லது என்பது என் கணிப்பு.

ஒரு வாடிக்கையாளர் பாகங்களைத் திருப்பி அனுப்பி, கடினமே ஏறவில்லை என்று சண்டைக்கு வந்தார். அவர் 150 கிலோ பாரத்தில் வைர முனையை அழுத்திக் கடினத்தை அளக்கும் ராக்வெல் சோதனை செய்திருந்தார். அந்தப் பாரத்தில் வைர முனை மெல்லிய அடுக்கைத் துளைத்து உட்பகுதியின் கடினத்தையே காட்டியிருக்கிறது. குறைந்த பாரத்தில் விக்கர்ஸ் என்னும் இன்னொரு கடினச் சோதனை செய்து காட்டியபோது, அதன் அளவுகோலில் 600-ஐத் தாண்டியது. அவரோ, விட்டுப்போன கிரைண்டிங்கை முடித்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்! உரசித் தேய்த்தால் முதலில் போவது அந்த வெள்ளை அடுக்குதான்.

துருவேறா எஃகைக் கொண்டுவருபவர்களிடம் பேச்சு இன்னும் கடினம். இந்த வெப்பத்தில் குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்துகொள்வதால், கடினம் கூடும். துருவை எதிர்க்கும் திறன் குறையும். அத்தகைய சரக்குக்கு, இரண்டில் எது தேவை என்று எழுத்தில் வாங்கிய பிறகே உலையில் ஏற்றுகிறோம்.