நாபோத்தின் தோட்டமும் எங்கள் பனைவிளையும்

விடுதியில் காலை ஜெபம் ஐந்தரை மணிக்கு. பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பது ஜெபிக்க இல்லை என்பது வார்டன் சாருக்கும் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வாரம் பைபிளில் 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரம் ஓடியது. ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கீரைக்கொல்லை போடக் கேட்கிறான். "ராஜாவுக்குக் கீரை போட வேற எடமா இல்ல?" என்றார் சார். தூங்கினவனும் சிரித்தான். நாபோத் தரவில்லை. பொய்ச்சாட்சி இரண்டு பேரை நிறுத்தி, அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பனையேறி. அக்கா கல்யாணக் கடனுக்கு வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் அடைந்தும் பத்திரம் திரும்பவில்லை. ஊரில் பெரிய கை ஒருவர் அதைக் காட்டி எங்கள் பனைவிளையைக் கேட்டுக்கொண்டிருந்தார். போலீசும் கட்சிக்காரர்களும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் கிடப்பார்கள்.

ஜெபம் முடிந்ததும் கேட்டேன்: "சார், நாபோத் செத்துல்லா போனான்?"

"செத்தாம்ல. ஆனா குடுத்தானா?"

தாவீது கோலியாத்தை விழுத்தாட்டிய கதையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். கவண் வீசி ஜெயிக்கிற ஆள் எங்கள் வீட்டில் யாருமில்லை.

அம்மாவுக்கு முதலூர். வெளிநாட்டில் இருக்கும் நமக்கெல்லாம் அந்தப் பேர் மஸ்கோத் அல்வாவோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும். கிறிஸ்தவர்களானதற்காக அடிபட்டு விரட்டப்பட்டவர்களுக்கு 1799-இல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் அது. முன்னால் நின்றவர் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம். அந்தச் சனங்களும் சண்டையில் ஜெயித்தவர்கள் இல்லை, ஓடி வந்தவர்கள். வேதத்தை மட்டும் விடவில்லை.

மே மாத லீவில் அம்மாவுக்கு நாபோத் கதையை வாசித்துக் காட்டினேன். 'உம்' கொட்டினாளே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்து அந்தப் பெரியவரே வந்தார், கூட மூன்று பேர். அப்பா பனையில் இருந்தார். விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையில், அம்மா பதனி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாகு முறுகுகிற நேரம், கையெடுத்தால் அடிப்பிடித்துவிடும். கிண்டிக்கொண்டேதான் பேசினாள்.

"குடுக்கதுக்கில்ல, அண்ணாச்சி. எங்க மாமா போட்ட விளை. கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

"கர்த்தரா வந்து கோர்ட்ல நிப்பாரு?"

அம்மா பதில் சொல்லவில்லை. கை நடுங்கி, துடுப்பு தாச்சியின் விளிம்பில் டக்டக்கென்று அடித்தது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவர்கள் போனதும் துடுப்பைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பாகு கருகியது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், கிண்டத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வழக்கு, வாய்தா, வக்கீல் பீஸ் என்று பல வருசம். கடைசியில் பாதி விளை எங்களிடம் நின்றது, பாதி போயிற்று.

அந்த வருசம் ஜூனில் விடுதி திறந்த அன்று சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கருப்பட்டி என்னல ஆச்சு?" என்றார்.

"அடிப்பிடிச்சிட்டு சார். யாரும் வாங்கல. நாங்களே காப்பிக்குப் போட்டுக்கிட்டோம்."

தகரப்பெட்டியைத் திறந்து ஒரு வட்டை நீட்டினேன். ஓரத்தில் கடித்துப் பார்த்தார். மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெப மணி அடிக்கப் போனார்.